ஐந்தாவது கல்லடுக்கு

பிப்ரவரி 9, வெள்ளி

ஆபரேஷன் அறைத் துணி மட்டும் இன்று நானூறுக்கு மேல். உருளை இஸ்திரி மிஷின் இரண்டு தடவை மக்கர் பண்ணியது. அது சரியாகும் வரை, என்னோடு மடிக்கிற மைக்கு கதை சொன்னாள். அவள் பேசினால் மூன்றாவது மாடியில் மயக்க மருந்தில் படுத்திருப்பவனும் எழுந்துகொள்வான். அதனால்தான் அந்தப் பெயர்.

சாயங்காலம் தம்பி வந்தான். வாசலில் நின்றபடியே, "அக்கா, கழிச்ச நாடா இருக்கா?" என்றான். ஆஸ்பத்திரித் துணி மூட்டையில் கட்டுகிற நீல நாடா. எந்த வார்டு மூட்டை என்று தெரிய, சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். தைப்பது நான். வெளுத்ததைக் கழித்துவிடுவோம். லிப்ட் ரிப்பேரில் எந்த ஒயர் எது என்று மாறிப்போகாமல் கட்டி வைக்க அவன் அதைத்தான் வாங்கிப்போவான். ஒரு பிடி கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கல்காட்டுக்குப் போகிறானாம். இங்கிருந்து இரண்டு மணி நேரம் பஸ். மணலும் சிவப்புப் பாறையுமாக ஒரு பொட்டல். அதில் என்னதான் வைத்திருக்கிறதோ.

"நீயும் வாயேன்."

"என் முட்டி வராது."

"முட்டிய வீட்ல வெச்சுட்டு நீ மட்டும் வா. போன தடவ மாதிரி குடைப்பாறைக்குக் கீழ உக்காந்துக்கோ, மகாராணி மாதிரி."

போடா என்றேன். டீ குடித்துவிட்டுப் போனான். டம்ளரைக் கழுவவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

மத்தியானம் தூசிக் காற்று. எதிர் வீடு தெரியவில்லை. கொடித் துணியை உள்ளே போட்டேன். தம்பி இதற்குள் திரும்பியிருக்க வேண்டும். இப்போது ஏழு மணி. போன் போகவில்லை. சிக்னல் இருக்காது.

பிப்ரவரி 12, திங்கள்

வரவில்லை.

விடியும்போதே தம்பி பெண்டாட்டி வந்து கதவைத் தட்டினாள். தலைகூட வாரவில்லை. "அண்ணி, அவர் வண்டி இன்னும் அங்கயே நிக்குதாம்." இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம். பாதை ஆபீஸ் என்று ஒரு தகரக் கூரை அறை. வெளியே அவன் பைக். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டியிருந்தான். எடுத்துப் பார்த்தேன். உள்ளே மணல்.

தேடப் போயிருக்கிறார்கள், உட்காருங்கள் என்றார்கள். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். நாளைக்கு மறுபடி.

பிப்ரவரி 13, செவ்வாய்

கிடைத்துவிட்டான்.

கிடைத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறேன். இது என்ன எழுத்து. கிடைத்தது உடம்பு. குடைப்பாறைக்குப் பின்னால் ஓர் இடுக்கு, அதன் கோடியில் பள்ளம். மூன்று ஆள் ஆழம். தலையில் அடி.

நான் அழவில்லை. யாரோ கையில் டீ கொடுத்தார்கள். குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று நினைத்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், நான் சர்க்கரை அதிகம் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 14, புதன்

முடிந்தது. வேறு எழுத வரவில்லை.

பிப்ரவரி 17, சனி

அவன் சாமான்களைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு நானும் தம்பி பெண்டாட்டியும் வாங்கினோம். தொப்பி. ஷூ. கண்ணாடி நொறுங்கின போன். பாட்டிலில் கால்வாசித் தண்ணீர். டப்பாவில் உரிக்காத முட்டை ஒன்று. சட்டைப் பையில் ஒரு துண்டு நீல நாடா.

"ஒயர் கட்டுற நாடாவக்கூட விடல, பாருங்க" என்றாள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது. தாகத்தில் போகவில்லை. அது ஓர் ஆறுதலா? தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவன் வெள்ளிக்கிழமை குடித்த டம்ளர் அப்படியே இருக்கிறது. அடியில் டீ காய்ந்து வளையம். கழுவவா வேண்டாமா? எட்டு நாளாக அது கண்ணில் படவில்லையா எனக்கு?

பிப்ரவரி 20, செவ்வாய்

வேலைக்குப் போனேன். பெட்ஷீட் மடிக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டு முனையைப் பிடித்து எதிர் எதிரே வந்து சேர வேண்டும். மைக்கு வந்து சேர்ந்துவிட்டாள், நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் என் கையிலிருந்து முனையை வாங்கித் தானே மடித்தாள். மைக்கு பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பதினாலு, அவனுக்கு ஒரு வயது. அம்மா போன பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்தேன். இப்போதும் இடது இடுப்பு ஒரு பக்கம் தூக்கித்தான் நடக்கிறேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பாதை ஆபீஸ் அதிகாரி கூப்பிட்டிருந்தார். விளக்கமாகச் சொன்னார்.

கல்காட்டில் பாறைமேல் கால் தடம் விழாது. அதனால் மூன்று கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வழி காட்டுவார்களாம். விளையாட்டுக்கு அடுக்குகிறவர்களும் உண்டு. அது ஆளை வழி தப்ப வைக்கும். அதைத் தட்டி விடுவதற்கென்றே ஒரு காவல்காரன், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நடக்க வேண்டும். குடைப்பாறைக்குப் பின்னால் ஐந்து பொய்யடுக்கு இருந்திருக்கிறது. அவன் தட்டவில்லை. தம்பி காற்றில் அதைப் பார்த்துப் போயிருக்கிறான்.

ஐந்து கல்லடுக்கு. அதைக் காலால் எத்தி விட ஓர் ஆள், அவனுக்குச் சம்பளம். எத்தவில்லை.

தம்பி பெண்டாட்டி புகார் எழுதினாள். நான் படிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டேன். காவல்காரனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மார்ச் 20 விசாரணை. அதுவரை அடுக்கை யாரும் தொடக் கூடாதாம்.

வெளியே வரும்போது அவன் நின்றிருந்தான். பாறையில் ஒட்டி ஒட்டி ஏறுவானாம், எல்லோரும் ஓணான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "உன் கை விளங்காம போக" என்றேன். சத்தமாக. தலையைக் குனிந்துகொண்டான்.

மார்ச் 6, புதன்

சலவைக்கூடத்துப் பின் கேட்டில் ஓர் ஆள் நிற்பதாக மைக்கு வந்து சொன்னாள். "காஞ்ச குச்சி மாதிரி இருக்கான். உன்னத்தான் கேக்கறான்."

ஓணான்.

"எதுக்கு வந்தே? புகாரத் திரும்ப வாங்கிக்கச் சொல்றதுக்கா?"

"இல்லீங்கம்மா. வேலை போனாப் போகட்டும். அந்த அடுக்க ஏன் தட்டலன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லணும்."

"சொல்லு."

"இங்க நின்னு சொன்னா கதையாட்டம் இருக்கும். ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு, மூஞ்சில துப்பணும்னு தோணுனா அங்கயே துப்பிட்டு வந்துடுங்க."

எனக்கு முட்டி வராது என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பியிடம் சொன்ன அதே வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இல்லை என்பேன்.

இரண்டு முட்டிக்கும் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு போனேன். ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். "அவன் போன வழி எதுவோ அது முழுசும் நடக்கணும். ஜன்னல் பாறை வரைக்கும்" என்றேன். ஓணான் என் காலைப் பார்த்தான். முன்னால் நடந்தான்.

முதலில் வறண்ட ஓடை. மணல் கணுக்கால் வரை இழுக்கிறது. "குதிகால ஊனாதீங்கம்மா. பாதத்தத் தட்டையா வையுங்க." அப்புறம் கிடுக்கி. இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு கீறல், அவ்வளவுதான். பக்கவாட்டில் நுழைய வேண்டும். பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டேன். வயிறு மாட்டிக்கொண்டது. "மூச்ச வெளிய விட்டுட்டு வாங்க" என்று அந்தப் பக்கமிருந்து குரல். பாறை ஐஸ் மாதிரி. முதுகும் மார்பும் ஒரே நேரத்தில் உரசியது. வெளியே வந்தபோது ரவிக்கையில் சிவப்புப் பொடி.

அதற்குப் பிறகு வெறும் பாறை. கம்பளியை மடித்து மடித்து அடுக்கின மாதிரி வரி வரியாகப் போகிறது, ஒரு வரி செங்கல் நிறம், ஒரு வரி வெளுத்த ரோஸ். சரிவில் நிற்கவே காலை இறுக்க வேண்டியிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். நான் வந்த தடமே இல்லை. பார்த்த பக்கமெல்லாம் ஒரே மாதிரி.

மூன்று கல் அடுக்கின் முன்னால் ஓணான் நின்றான். "ஒண்ணுகிட்ட நின்னுக்கிட்டு, அடுத்தது கண்ணுல படற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. இங்க அதான் சட்டம். உங்க தம்பிக்கும் தெரியும். எத்தனையோ தடவ பாத்திருக்கேன் அவர. நின்னு பாத்துத்தான் போவாரு."

வழியில் பக்கவாட்டில் ஓர் அடுக்கு இருந்தது, ஏழெட்டுக் கல், அழகாக. காலால் தட்டினான். சரிந்தது.

"உன்னத்தான் வேலையில இருந்து நிறுத்திட்டாங்களே. எதுக்குத் தட்டற?"

"காலு கேக்க மாட்டேங்குதும்மா."

குடைப்பாறைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஒல்லித் தண்டு, மேலே பெரிய தொப்பி. எப்படித்தான் நிற்கிறதோ. இங்கேதான் போன தடவை தம்பி என்னை உட்கார வைத்துவிட்டு மேலே போனான். நாலு மணி நேரம் காத்திருந்தேன்.

இந்தத் தடவை உட்காரவில்லை. அடுத்து சங்கிலி ஏற்றம். பாறையில் கம்பி அடித்துச் சங்கிலி விட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, பாறையில் வெட்டின குழியில் காலை வைத்து ஏற வேண்டும். சங்கிலி கொதித்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். பாதியில் வலது முட்டி மடங்கவே மாட்டேன் என்றது. கீழே பார்த்துவிட்டேன். "கீழ பாக்காதீங்க. என் செருப்பப் பாருங்க. அது போற இடத்துல உங்க காலு" என்றான். அவன் செருப்பில் ஒரு வார் அறுந்து ஒயரால் கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு ஏறினேன்.

ஜன்னல் பாறை. நடுவில் ஓட்டை, இரண்டு மாடி வீடு உள்ளே போகும். அதன் வழியாக வானம். காற்று அதற்குள் புகுந்து முனகுகிறது. "அங்க நின்னா நம்ம கவலையெல்லாம் கடுகாட்டம் ஆயிடும்க்கா" என்பான் தம்பி. நின்றேன். ஒன்றும் கடுகாகவில்லை. இங்கே நின்றிருக்கிறான், அது மட்டும்தான் தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றைத் திரும்பும்போது சாப்பிடலாம் என்று மூடி வைத்திருப்பான்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் குழியைத் துழாவித் துழாவி. குடைப்பாறைக்குத் திரும்பி வந்தபோது முட்டிக் கட்டு இரண்டும் அவிழ்ந்து தொங்கியது.

ஓணான் என்னை ஒரு இடத்தில் நிறுத்தினான். "அவரு இங்க வந்து சேரும்போதுதான் காத்து. கண்ண இடுக்கிக்கிட்டு, முக்கால்வாசி மூடிக்கிட்டுப் பாருங்க. என்ன தெரியுது?"

இடுக்கிக்கொண்டு பார்த்தேன். எல்லாம் சிவப்பு. சரியான அடுக்கு வலது பக்கம் இருந்திருக்கிறது, பாறையோடு பாறையாக, அவன் காட்டின பிறகுதான் தெரிந்தது. இடது பக்கம் தூரத்தில் ஒன்று மட்டும் அசைந்தது. நீலமாக.

"அதேதான்" என்றான். "வாங்க. தொடாதீங்க, விசாரணை முடியலை."

கிட்டப் போனேன். மூன்று கல். மேல் கல்லுக்கு அடியில் சொருகி, ஒரு முனை வெளியே தொங்குகிற மாதிரி, ஒரு துணி. நீல நாடா. சிவப்பு நூலில் எண் ஏழு.

"நம்பர் போட்டிருக்கா. அளவெடுக்க வந்த ஆபீஸ்காரங்க வெச்ச அடையாளம்னு நெனச்சேம்மா. வெறுங்கல்லா இருந்தா அன்னிக்கே எத்தியிருப்பேன். நம்பர் போட்டத எப்படி எத்தறது? நான் படிக்காதவன். ஒண்ணரை வருஷமா அதுக்குப் பயந்து பக்கத்துலகூட போகல. இப்பக் கேட்டா, அது எங்களுது இல்லங்கறாங்க."

அவன் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. எங்கள் சலவைக்கூடத்தில் இடது கைக்காரி ஒருத்திதான்.

நான் வைத்தது.

நான்தான் வைத்தேன். இத்தனை நாளும் அது ஞாபகமே வரவில்லை. அன்றைக்கு. தம்பி மேலே போன பிறகு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. பாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் அந்த இடுக்கு தெரிந்தது. போனால் திரும்பி வர வழி தெரியாமல் போய்விடுமோ என்று பயம். தம்பியோடு வரும்போது பார்த்த அடுக்கு ஞாபகம் வந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாக் கல்லும் ஒரே நிறம், திரும்பும்போது தெரியாதே என்று பையில் கிடந்த நாடாவை ஒவ்வொன்றிலும் சொருகினேன். ஐந்து.

அடுத்தடுத்து ஓணான் காட்டிக்கொண்டே போனான். இரண்டு. மூன்று. நாலு. எல்லாவற்றிலும் நாடா. ஐந்தாவதில் இல்லை.

"இதுல மட்டும் துணி இல்ல. மேல்கல்ல எடுத்துப் பக்கத்துல பத்திரமா வெச்சிருக்கு பாருங்க. காத்து அப்படி வெக்காது. உங்க தம்பிதான் எடுத்துப் பாத்திருக்கணும்." முன்னால் கையைக் காட்டினான். "இதோட முடிஞ்சுடுது. ஆறாவது எங்கன்னு தேடி முன்னால போயிருக்காரு. தூசியில பள்ளம் தெரியாது."

பள்ளம் பத்தடியில் இருந்தது.

அன்றைக்கு நான் அதைப் பார்க்கவே இல்லை. ஐந்தாவதுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் உட்காருகிறேன் என்று அவன் நினைத்தான். தண்ணீர் கொடுத்தான். "துப்பணும்னா துப்பிடுங்கம்மா" என்றான். நிஜமாகவே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"போலாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 11, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

டைரி எல்லாம் தம்பி கொடுத்தது. வருஷா வருஷம் லிப்ட் கம்பெனியில் கிடைப்பதைக் கொண்டுவந்து தருவான். அஞ்சாங்கிளாஸ்காரிக்கு எதுக்குடா டைரி என்றால், "தினம் ஒரு வரி எழுதுக்கா, எழுத்து மறக்காது" என்பான். முதல் பக்கத்தில் 'அக்காவுக்கு' என்று எழுதித்தான் கொடுப்பான்.

போன டைரிக்கும் முந்தின டைரியை எடுத்தேன். அக்டோபர் 16. என் கையெழுத்து:

"தம்பியோடு கல்காடு. குடைப்பாறை வரை. முட்டி போச்சு. ஒதுங்க இடம் இல்லை. கல் வைத்து வழி பண்ணிக்கொண்டேன். கெட்டிக்காரி."

கெட்டிக்காரி என்று எழுதியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஏன் கலைக்கவில்லை? தம்பி வந்து கூப்பிட்டுவிட்டான். ஓடினேன். எங்கே போனே என்றான். சும்மா காலை நீட்டினேன் என்றேன். வெட்கம். அவன் குண்டி கழுவி வளர்த்தவளுக்கு அவனிடம் சொல்ல வெட்கம்.

மார்ச் 13, புதன்

தம்பி வீட்டுக்குப் போனேன். அந்த நாடாவைக் கொஞ்சம் காட்டு என்றேன். "எதுக்கு அண்ணி?" என்றாள். சும்மா என்றேன். எடுத்துவந்து கொடுத்தாள். வெயிலில் வெளுத்து, ஒரு முனை பிரிந்து. லிப்ட் ஒயரில் கட்டினது இப்படி வெளுக்காது. எண் பன்னிரண்டு. தையல் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

என் தையல் அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பையில் பெயர் தைத்துக் கொடுத்தது இந்தக் கைதான். தெரியாமலா பையில் போட்டுக்கொண்டான்? தெரிஞ்சுதான் போட்டுக்கிட்டியா? அக்கா இங்க ஒதுங்கியிருக்கா, காத்துக்கு மறைப்பா இருக்கும்னு வந்தியா? அக்கா வெச்சா சரியாத்தான் வெச்சிருப்பான்னு ஆறாவதத் தேடிப் போனியாடா? சிரிச்சியா? அதப் பாத்துச் சிரிச்சிருப்பே நீ.

நாடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அந்த அடுக்க வெச்ச பாவி யாருன்னு தெரிஞ்சா நானே போய்க் கேப்பேன் அண்ணி" என்றாள். எனக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

மைக்குவிடம் சொன்னேன். மூட்டை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. கேட்டுவிட்டு அவள் குசுகுசு என்று பேசினாள். அவளுக்குக் குசுகுசு என்று பேச வரும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

"வாயத் தெச்சுக்கோ. அந்த ஓணானுக்குக் கையும் காலும் இருக்கு, வேற பொழப்பு பாத்துப்பான். நீ சொன்னா தம்பி பொண்டாட்டி உன் மூஞ்சில முழிக்க மாட்டா. உனக்குன்னு வேற யாருடி இருக்கா?"

யாரும் இல்லை. அவள் சொல்வது சரி.

இன்று நாடா தைக்க உட்கார்ந்தேன். ஊசி கோக்க வரவில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

ஓணான் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றானே.

மார்ச் 19, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அவள் தம்பி சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். அக்டோபர் டைரியையும் திறந்து கையில் கொடுத்தேன். படித்தாள். மறுபடி படித்தாள். 'கெட்டிக்காரி' மேல் விரலை வைத்தாள்.

"ஒண்ணுக்குப் போறதுக்கா?" என்றாள்.

"ஆமா."

"அதுக்கு அஞ்சு அடுக்கா?"

"பயந்துட்டேன்மா. வழி தெரியாம போயிடுமோன்னு..."

டைரியை மூடி என்னிடம் நீட்டினாள். "கெளம்புங்க" என்றாள். அண்ணி என்று சொல்லவில்லை. நான் வாசல் தாண்டும் முன்பே கதவு சாத்தும் சத்தம்.

மார்ச் 20, புதன்

விசாரணை. நீள மேஜை, அதிகாரி, எழுத ஓர் ஆள். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஓணான், சட்டை மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு. தம்பி பெண்டாட்டி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

அதிகாரி அந்த அடுக்குகளின் போட்டோவை வைத்தார். நான் சலவைக்கூடத்திலிருந்து கொண்டுபோன நாடாவைப் பக்கத்தில் வைத்தேன். "இது நான் தைச்சது. அதுவும் நான் தைச்சதுதான். தையல் சாயறத பாருங்க, எனக்கு இடது கை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒதுங்கப் போனதையும் சொன்னேன். எழுதுகிற ஆள் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தான். "எழுதுங்க" என்றேன்.

ஓணான் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐந்தாவதில் துணி இல்லையே?" என்றார் அதிகாரி. அவள் எழுந்து வந்தாள். கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அவர் சட்டைப் பையில இருந்துச்சு." அவர்கள் பார்த்து முடித்ததும் திரும்ப எடுத்துக்கொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவளும் கையெழுத்துப் போட்டாள். வெளியே ஓணான் வந்து நின்றார். "முட்டிக்கு நல்லெண்ண தடவுங்கம்மா" என்றார்.

நான் கை விளங்காமல் போக என்று சொன்ன ஆள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஓணானுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அடுக்கைப் பிரிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். போனேன். கிடுக்கியில் இந்தத் தடவை மாட்டிக்கொள்ளவில்லை. இளைத்துவிட்டேன் போல.

"எத்தினாப் போதும்மா" என்றார். நான் எத்தவில்லை. ஒவ்வொரு கல்லாகக் கையால் எடுத்து, கிடந்த மாதிரி தூரத் தூரப் போட்டேன். பதினைந்து கல். நாலு நாடாவை அதிகாரி முன்பே எடுத்துப்போய்விட்டார். ஐந்தாவது இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு முள் செடி. வேறொன்றும் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

பஸ் நிறுத்தத்தில் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பஸ் வந்தது. நான் ஏறினேன். அவள் ஏறவில்லை, அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிட்டாள்.

அக்டோபர் 16, புதன்

துணி நிறைய. முட்டி பரவாயில்லை. டம்ளரை இன்று கழுவினேன்.

டிசம்பர் 30, திங்கள்

இந்த டைரியில் இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. நாளையோடு நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். வாங்கித் தர ஆளில்லை.

மத்தியானம் பின் கேட்டுக் காவலாளி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். "ஒரு பொண்ணு குடுத்துட்டுப் போச்சு. கூப்பிடறேன், இரும்மான்னேன். நிக்கல."

பிரித்தேன். லிப்ட் கம்பெனி டைரி. வருகிற வருஷத்தது. கம்பெனியில் தம்பிக்குத் தருகிறதை இந்த வருஷமும் அவன் பெண்டாட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எங்கேயும் ஒரு எழுத்து இல்லை.

பிப்ரவரி 11 பக்கத்தில் நீல நாடா. எண் பன்னிரண்டு.

மைக்கு என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "என்னடி, திட்டா? சமாதானமா?" என்றாள். நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கல்காட்டுச் சிவப்புப் பொடி ஒரு துளி இல்லை. பிரிந்திருந்த முனையை மடக்கித் தைத்திருந்தது. தையல் வலது பக்கம் சாய்ந்திருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, இரண்டாக மடித்து வைத்திருந்தாள்.